மெஷின் முந்திக்கொண்ட சொல்

மார்ச் 3, செவ்வாய்

அண்ணன் இன்றும் பகலெல்லாம் தூக்கம். நோய் முற்றுகிறது என்று அம்மா கண்ணைக் கசக்குகிறாள். எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. வேறு ஏதோ இருக்கிறது.

மார்ச் 4

பிடித்துவிட்டேன். நான் சோதித்துப் பார்க்கும் எங்கள் கம்பெனி மெஷின்தான்.

அண்ணனுக்கு நோயில் பேச்சு எப்போதோ போய்விட்டது. அசைவது வலது கட்டைவிரல் ஒன்றுதான். பொத்தானை அழுத்தி எழுத்தெழுத்தாகச் சேர்ப்பான், மெஷின் பேசும். இன்று வீட்டுக்கு வரும் நர்ஸ், “தூக்க மாத்திரை வேணுமா தம்பி?” என்று கேட்டார். “வேண்” வரைக்கும் வந்து களைத்து நின்றான். மெஷின் முந்திக்கொண்டு, கணீரென்று, “வேண்டும்” என்றது. நான் ஓடி வருவதற்குள் மாத்திரை உள்ளே போய்விட்டது. நர்ஸ் மேல் தப்பில்லை, கேட்டுத்தானே கொடுத்தார். அண்ணன் கண்ணில் அப்படி ஒரு கோபம். எத்தனை நாளாக இப்படி முழுங்கினானோ, பாவி மெஷின்.

அவன் மெஷினில் மிச்ச எழுத்துகளை ஊகிக்கும் வசதியை அணைத்துவிட்டேன். விற்பனைக்குப் போகப்போகும் மற்றவை?

மார்ச் 5

மேலாளர் சிரித்தபடியே பேசினார். “ஜனங்க ‘வேண்டும்’னுதான் அதிகம் சொல்றாங்க. அது அப்படிக் கத்துக்கிச்சு. பெரும்பாலும் சரியாத்தானே வருது?”

ஊரெல்லாம் வேண்டும் என்றால் என் அண்ணன் முழுங்கணுமா?

“சோதிச்சாச்சு, விக்கலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

“நீங்க போடலன்னா வேற ஆள் போடுவாங்க.”

போடட்டுமே. முதலில் அந்த ஆளை வீட்டுக்குக் கூட்டிவந்து அதே மாத்திரையைக் கொடுக்கிறேன்.

மார்ச் 6

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 7

திங்கட்கிழமை முதலாளிகள் கூடுகிறார்கள். அண்ணனே நேரில் வந்து மெஷின் முந்துவதைச் செய்து காட்டினால், விற்பதை நிறுத்த யோசிப்பார்களாம், மேலாளர் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டேன். அண்ணனைக் கேட்கத் தோன்றவே இல்லை.

மார்ச் 8

இன்று சொன்னேன். கட்டைவிரல் மெதுவாக நகர்ந்தது. அவன் முடிக்கும்வரை நான் முந்திக்கொள்ளவில்லை.

“வேண்டாம்.”

கெஞ்சினேன். கத்தவும் செய்தேன். “உனக்காகத்தானே இவ்வளவு அலையறேன்?” மறுபடி அதே சொல், ஓரெழுத்து விடாமல். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மேலாளருக்கு ஃபோன் செய்தேன். “அண்ணன் வரமாட்டார் சார். வேண்டாம்னுட்டார்.”

“இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன்.”

“கேட்டாச்சு. பதிலும் வந்தாச்சு.”

மேலாளர் கேட்டார்: “இதையே நாம விக்கப்போற மெஷின்ல சொல்லியிருந்தா?”

“நாளைக்குக் காலையில வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்திருப்போம் சார்.”

“அப்போ விக்க வேணாம்” என்றார்.