மணலுக்கு எத்தனை பல்லு

கல்லடி, மட்டக்களப்பு
2009 ஒக்டோபர் 11

அன்பு மகள் தனுஷாவுக்கு,

நானும் அம்மாவும் தம்பி யதுர்ஷனும் சுகமாக இருக்கிறோம், டொரொண்டோக் குளிர் உன்னை வாட்டாதிருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். கியர் மாற்ற முடியாத சைக்கிள் வாங்கப் போவதாகவும் பின்சில்லின் பற்சக்கரத்துக்கு எத்தனை பல்லு நல்லது என்றும் கேட்டிருந்தாய். சைக்கிள் திருத்தும் அசனாரிடம் விசாரித்தேன். முன்னுக்கு நாற்பத்துநான்கு என்றால் பின்னுக்குப் பதினெட்டு போதும், ஒரு மிதிக்குச் சில்லு ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும், மேடான தெரு என்றால் இருபது போடு, மிதிக்க இலகு, வேகம் குறையும் என்றார். நீ எழுதிய, சில்லோடு சேர்ந்து மிதியும் சுற்றிக்கொண்டே இருக்கும் வகையைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டார். "சில்லு சுத்துற மட்டும் காலும் சுத்தணுமா? இது சைக்கிளா சேர், செக்கா?" என்றார். அதை வாங்கினாலும் முன்பிரேக் இல்லாமல் ஓடாதே.

ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு மணலில் ஓட எத்தனை பல்லு வேண்டும் என்று. டொரொண்டோத் தெருவில் மணல் ஏது? இவ்வளவு காலம் செய்தி எழுதியவனுக்கு, ஒரு கேள்வி யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று தெரியாதா? அதையும் அசனாரிடம் கேட்டேன். "அதத்தானே சேர் ஒங்கட மகனும் கேட்டாரு, போன கிழமை இருபத்திரண்டு போட்டுக் குடுத்தேனே" என்றார். யதுர்ஷன் மட்டக்களப்பு ரவுணுக்கு வகுப்புக்குப் போவதாகத்தான் சொல்கிறான், அது தார் ரோட்டு. அவனுடைய சங்கிலியைத் தடவிப் பார்த்தேன், கடல் மணல். கேட்டால், "சும்மா, லேசா மிதிக்கத்தான் அப்பா" என்று முகம் பாராமல் சொன்னான். அம்மா என்னைத்தான் ஏசினாள், "பேப்பர் வேலைய விட்டும் உங்கட விசாரணை முடியல்ல, பெத்த புள்ளையையும் பேட்டி எடுக்கிறீங்க" என்று.

கல்குடாக் கடற்கரைப் பக்கமிருந்து அவுஸ்திரேலியாவுக்கு வள்ளம் போவதாகக் கதை உலாவுகிறது, நான் உறுதிப்படுத்தவில்லை. இவன் மணலில் யாரை ஏற்றிப் போகிறான், இவனும் வள்ளத்தில் போகிறவர்களில் ஒருவனா என்பது உனக்குத் தெரியும் என்றே சந்தேகிக்கிறேன். டெலிபோனில் விரிவாகப் பேசுகிற விஷயமல்ல, அதனால் எழுதுகிறேன். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் அவன் வயதுப் பிள்ளைகளை வீடுதேடி வந்து விசாரிக்கிறார்கள், எனக்கும் பயம்தான். விமானத்தில் போகட்டும், நானே கொழும்புக்குக் கூட்டிப் போகிறேன். கடலால் வேண்டாம். உங்கள் அண்ணன் ரதீஸைச் சுனாமி கொண்டுபோன நாளிலிருந்து அம்மா கடல் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை, அது உனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இன்று காலை அவன் சைக்கிளுக்குப் பழைய பதினெட்டையே திரும்பப் போடுவித்தேன். அவன் கொஞ்ச தூரம் மிதித்தான், இறங்கினான், சங்கிலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

மாமாங்கேஸ்வரர் உனக்குத் துணையிருப்பார், நேரத்துக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்ததும் அசனார் கடைக்குக் கோல் எடு, தம்பியின் போனுக்கு எடுக்காதே. போகிறானா இல்லையா, அது ஒன்றை மட்டும் சொல்.

உன் அப்பா
சாமித்தம்பி