அரைச் சுரம் குறைந்த பியானோ

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதச் சொன்னாள் உன் அம்மா, எழுதிவிட்டேன். என் நெற்றியில் ஒரு கட்டு இருக்கிறது. அது எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன். போனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன். அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸுக்குள் பியானோவைச் சரியான சுருதியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் விற்றுவிட வேண்டும், இரண்டும் நடக்காவிட்டால் பேத்தியை அழைத்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாய். கேட்பதெல்லாம் காதில் ஒட்டிக்கொள்ளும் வயது அவளுக்கு என்றாய். கடிக்கிற நாயைக் கட்டிப்போடச் சொல்வது போலச் சொன்னாய்.

அது இந்த வீட்டுக்கு வந்த கதை உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. நடன மண்டபம் ஒன்றை இடித்தபோது மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. வேண்டுமானால் எடுத்துப்போ என்றார்கள். வாசல் நிலையைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவந்தோம். தராசு ரிப்பேர் செய்கிறவனுக்கு எதற்குப் பியானோ என்று தெருவே சிரித்தது. ஒரு பழைய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், ஒவ்வொரு கம்பியாக நானே சுருதி சேர்த்தேன். முழுச் சுருதிக்கு முறுக்கினால் துருப்பிடித்த கம்பிகள் அறுந்தன. அதனால் எல்லாவற்றையும் அரைச் சுரம் கீழே நிறுத்தினேன். ஒன்றுக்கொன்று இம்மி பிசகவில்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸ் காலையில், சின்னப் பெண்ணான நீ, அதை மூடியிருந்த படுக்கை விரிப்பை இழுத்து, நடுவில் ஒரே ஒரு கட்டையை அழுத்திவிட்டு, அந்த ஓசை அடங்கும் வரை வாயைத் திறந்தபடி நின்றாய். அடங்கியதும் மறுபடி அழுத்தினாய். மத்தியானம் வரை அந்த ஒரு கட்டைதான்.

அப்புறம் இந்த வீட்டில் நீ பெயர் வைக்காத சத்தம் கிடையாது. குழாய் சொட்டினால் இன்ன சுரம் என்பாய். மாடி வீட்டுக்காரர் தும்மினால் அதற்கும் ஒரு சுரம் சொல்வாய். அந்தக் காதை உனக்குக் கொடுத்தது என் பியானோ. நீ வயலின் படிக்க வெளியூர் போன பிறகுதான், உன் சுரமெல்லாம் உலகத்தின் சுரத்துக்கு அரைச் சுரம் தள்ளி நிற்கிறது என்று உன் ஆசிரியர் கண்டுபிடித்தாராம். தாளில் ஒரு சுரம் எழுதியிருக்கும், காதில் வேறொன்று கேட்கும். இசைக்குழுவில் தினமும் தலைவலியோடுதான் உட்கார்கிறேன் என்று போன மாதம் சொன்னாய். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை?

எல்லாக் கம்பியும் தங்களுக்குள் பொருந்தியிருக்கும்போது என்ன குற்றம் என்று கேட்டேன். அதற்கு நீ, "எடைக்கல்லே குறைஞ்சிருந்தா, தட்டு சமமா நின்னு என்னப்பா பிரயோஜனம்?" என்றாய். என் தொழிலை எடுத்தே என்னை அடித்தாய். நான் போனை வைத்துவிட்டேன். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும்.

சுருதி சேர்ப்பவர் ஒருவரை வரவழைத்தேன். ஒரு கட்டையை அழுத்தினார், செல்போனில் சுருதியைப் பார்த்தார், பிறகு துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல என்னைப் பார்த்தார். மேலே ஏற்றினால் தாங்காது, தொடாமல் விடுங்கள் என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

முந்தாநாள் நானே முறுக்குச் சாவியை எடுத்தேன். நீ சொன்னது சரி என்று இதற்கு அர்த்தமில்லை. பேத்தி வர வேண்டும், அவ்வளவுதான். பாதிக் கம்பி மேலே ஏறிவிட்டது. உன் அம்மா அடுப்படியிலிருந்து, "கம்பிக்குப் பதிலா உங்க பிடிவாதத்தை மாட்டியிருந்தா அறுந்தே இருக்காது" என்றாள். அவள் வாய் மூடவில்லை, ஒரு கம்பி அறுந்து நெற்றியில் அடித்தது. பிறகு பக்கத்தில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று. உள்ளே மரம் பிளந்த சத்தம் கேட்டது.

இப்போது இடது பக்கம் பழைய சுருதி, நடுவில் புதியது, வலது பக்கம் ஊமை. பழையபடி இறக்கி வைக்கவும் முடியவில்லை. கம்பி சுற்றிய முறுக்காணி மரத்தில் பிடிக்கவில்லை, கையை எடுத்தால் தளர்ந்துவிடுகிறது. நாள் முழுக்க முறுக்கினேன், கையை எடுத்தேன், மறுபடி முறுக்கினேன். கடைசியில் உன் அம்மா வந்து சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

விற்கமாட்டேன். இதை யாரும் வாங்கவும் மாட்டார்கள். ஆனால் ஒன்று, இனி அதில் எதை அழுத்தினாலும் தப்பு என்று எந்தக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். அதை நம்பி எந்தக் காதும் கெடாது. நீ பயப்பட இந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பதிலில் பியானோவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். குழந்தையோடு வருகிற நாளை மட்டும் எழுது.

நன்றாக இரு, அம்மா.

உன் அப்பா