வீட்டுக்கு ஆகிற கார்

4 மே 2025, ஞாயிறு

பெரிய பேத்தி பத்து பாகாட் டவுனில் வக்கீல். கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு கோர்ட்டில் எழுந்து பேசுகிறாள். அடுத்தவள் ஸ்கூடாயில் யூனிவர்சிட்டி, இரண்டாம் வருஷம், போன தடவை எல்லாப் பாடத்திலும் ஏ. கடைசிப் பேரன் மகேஸ்வரன் ஓட்டப் பந்தயத்தில் ஜொகூர் மாநிலத்துக்கே வெள்ளி வாங்கிக் கொடுத்தான். என்னோடு பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிற பேரன் ரூபேந்திரன், எங்களுக்கு ரூபன், எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். சிங்கப்பூரில் லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர். எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவன். சிவப்பு. இரண்டே கதவு, இரண்டே சீட். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இதையெல்லாம் என் கையாலேயே எழுதிவிட்டு ஒரு தடவை படித்தும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்றைக்கு நோட்டை எடுத்தது அதற்காக இல்லை.

சாப்பிடும்போது ரூபன் சொன்னான், இன்னொரு கார் வாங்கப் போகிறார்களாம். அவன் மனைவி யோகாவுக்கு ஜூனில் ஸ்கூடாயில் வேலை. போகிற வழியில் பிள்ளை கவினிஷாவை நர்சரியில் விட வேண்டும். இரண்டு சீட் காரில் பிள்ளையை எங்கே வைப்பது? நியாயம்தான்.

“வீட்டுக்கு ஆகிற மாதிரி ஒண்ணு வேணும் ஆயா. அரிசி மூட்டை, சமையல் கேஸ் தோங், பாப்பா சீட்டு, எல்லாம் ஏத்தணும்.”

“அதான் என் கஞ்சில் காரு இருக்கே.”

இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள்.

“கஞ்சிலத்தான் டிரேட்-இன் குடுக்கலாம்னு...”

கஞ்சில் என் கார். நானே பழகி, நானே லைசென்ஸ் எடுத்து, இத்தனை வருஷம் நானே ஓட்டுகிற கார். அது போய்விட்டால் நான் எதை ஓட்டுவது? அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

6 மே, செவ்வாய்

அடுத்த வீட்டு அங்கம்மாவை ஏற்றிக்கொண்டு மீன் வாங்கப் பாசார் போனேன். சிக்னலில் கஞ்சில் நின்றுவிட்டது. இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான், அங்கம்மா கண்ணாடியை இறக்கி அவனுக்குக் கையைக் காட்டுகிறாள், இரு இரு என்று.

விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப நம்ம கதை முடிஞ்சுது லா,” என்றாள். “இனிமே நீயும் என்னை மாதிரி யார் காடியில எடம் கெடைக்கும்னு வாசல்ல நிக்க வேண்டியதுதான்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். மீன் வாங்கும்போது மீதிக் காசை வாங்காமலே வந்துவிட்டேன். மனசு ஓரிடத்தில் இல்லை.

10 மே, சனி

கார் கடைக்குப் போனோம். மூன்று பேரும் பிள்ளையும் எதில் போனோம்? என் கஞ்சிலில். ஓட்டியது யார்? நான்.

ரூபனுக்குப் பிடித்தது உயரமான ஒரு கார். கடைப் பையன் கமலநாதன், நம் ஆள்தான், மரியாதையாகப் பின்கதவைத் திறந்தான்.

“பாட்டி ஏறி உக்காந்து பாருங்க. சோபா மாதிரி இருக்கும்.”

நான் சுற்றிப் போய் டிரைவர் பக்கம் ஏறினேன். ஏறினேன் என்றா சொல்வது? கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் தள்ளினால் ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கிறது. காரின் மூக்கு எங்கே முடிகிறது என்று தெரியவே இல்லை.

“கேமரா இருக்கு பாட்டி, எல்லாம் காட்டும்.”

“எனக்குக் கண்ணு இருக்கு தம்பி.”

கமலநாதனும் யோகாவும் சிரித்தார்கள். ரூபன் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் என் கை கியரில் இருக்கிறது, அவன் மெதுவாகச் சொல்கிறான், “எழுபத்தொண்ணு ஆயிடுச்சு ஆயா. இனிமே எதுக்குக் கஷ்டம்? எங்க போகணும்னாலும் நாங்க கூட்டிட்டுப் போறோம்.”

எப்போது கூட்டிக்கொண்டு போவாய்? விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துச் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டுகிறவன், இருட்டின பிறகு வருகிறவன் நீ. இடது பக்கம் சிக்னல் போட்டுத் திரும்பினேன்.

11 மே

யோகாவிடம் இருப்பது ஆட்டோ லைசென்ஸ், கியர் மாற்ற வேண்டாத ஆட்டோமேட்டிக் காருக்கு மட்டும். கியர் வண்டியை அவள் தொடக் கூடாது. அதனால் வாங்குவது ஆட்டோதான் என்று முடிவு. என்னுடையது கியர் லைசென்ஸ், இரண்டையும் ஓட்டலாம். கேட்பவர் யார்?

17 மே, சனி

இன்றைக்கு இரண்டாவது கடை. ரூபனுக்கு ஏழு சீட் வேண்டுமாம். தீபாவளிக்குப் பத்து பாகாட்டிலிருந்து எல்லாரும் வந்தால் ஒரே காரில் கோவிலுக்குப் போகலாமாம். யோகாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“வருஷத்துல ஒரு நாளைக்கு ஏழு சீட்டு. மத்த நாளெல்லாம் ஸ்கூடாய்ல பார்க்கிங் தேடுறது யாரு? உங்க ஆசைக்கு ஒரு காரு, எனக்கு மட்டும் லாரியா?”

“ஆயா, நீங்க சொல்லுங்க.”

“யோகா சொல்றதுதான் சரி,” என்றேன். இரண்டு பேருமே திரும்பிப் பார்த்தார்கள். ரூபன் பக்கம் பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். தினமும் ஓட்டப் போகிறவளுக்குத்தானே தெரியும்.

கடைசியில் ஐந்து கதவு வைத்த சின்ன கார். வெள்ளை. பின் சீட்டை மடக்கினால் அரிசி மூட்டை இரண்டு போகும், கேஸ் தோங் நிற்கும், பாப்பா சீட்டு கச்சிதமாக உட்காருகிறது. நானும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கால் எட்டுகிறது. மூக்கும் தெரிகிறது. மனசில் பாரம் கொஞ்சம் இறங்கியது.

வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் உறைத்தது. காலையில் ஏழுக்குப் போய், சாயங்காலம் ஏழுக்குத் திரும்புகிற கார் அது. பாசார் காலையில். கோவில் பூசை பகலில். அங்கம்மாவின் கிளினிக் பத்து மணிக்கு. கால் எட்டினால் என்ன, எட்டாவிட்டால் என்ன.

19 மே

கேட்டுவிட்டேன். “நான் எதை ஓட்டுறது ரூபன்?”

“ஏன் ஆயா ஓட்டணும்?”

ஏன் ஓட்டணுமா? நல்லா இருக்குடா கேள்வி. உன்னைப் பள்ளிக்கூடத்துல கொண்டு போய் விட்டது யாரு, மழையில உன் டியூஷனுக்கு வெளிய காத்துக் கிடந்தது யாரு, அப்ப ஏன்னு கேட்டியா? எனக்குக் கார் ஓட்டப் பிடிக்கும். அவ்வளவுதான். இதை வாயால சொல்ல வெக்கமா இருக்கு. உனக்குச் சிவப்பு காரு ஏன்னு நான் கேட்டேனா?

20 மே

நேற்று எழுதினதைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

30 மே, வெள்ளி

வெள்ளைக் கார் வந்தது, கஞ்சில் போனது. கடைக்காரன் அதை ஓட்டிக்கொண்டு முனை திரும்பும்போது சிக்னல் போடவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோவிலில் பூசை போட்டோம். ஐயர் சந்தனம் குங்குமம் வைத்தார், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் நசுக்கினோம். வீட்டுக்கு வந்ததும் ரூபன் வெள்ளைக் காரை வெளிப்பக்கம் நிறுத்தப் பார்த்தான். எங்கள் வீட்டு போர்ச்சில் கார்கள் ஒன்றின் பின் ஒன்றாகத்தான் நிற்க முடியும். பூசை போட்ட புது வண்டி மூன்று நாள் வாசலைப் பார்த்து உள்ளே நிற்க வேண்டும் என்றேன். எங்கள் பக்கம் பல வீட்டில் செய்வதுதான்.

“அப்ப என் காரு பின்னாடி மறிச்சுக்கிட்டு நிக்குமே ஆயா.”

“நிக்கட்டுமே. யோகாவுக்குச் செவ்வாய்க்கிழமைதானே வேலை ஆரம்பம்.”

சரி என்று சிவப்பைப் பின்னால் விட்டான். இந்த வீட்டில் என் பேச்சு எடுபடுகிற இடம் இன்னும் பூசை ஒன்றுதான் போலிருக்கிறது.

2 ஜூன், திங்கள்

மாமன்னர் பிறந்தநாள் லீவு. சிங்கப்பூருக்கு லீவு இல்லை, ரூபன் மோட்டாரில் போய்விட்டான். எட்டு மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. வாந்தி வேறு. பக்கத்துக் கிளினிக் லீவுக்கு மூடியிருக்கிறது. யோகா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள், போர்ச்சில் போய் அப்படியே நின்றாள். வெள்ளைக் கார் உள்ளே. சிவப்பு அதன் பின்னால், வழியை மறித்துக்கொண்டு.

போனில் கிராப் டாக்சி கூப்பிட்டாள். வருகிறது என்று காட்டியது, பிறகு வண்டி இல்லை என்றது. வெளியே மழை.

சிவப்பின் சாவி டிவி மேசையில் இருந்தது. எடுத்தேன்.

“ஆயா, அது கியரு.”

“தெரியும்மா.”

“அவரு...”

“அவரு வரட்டும், பேசிக்கலாம். நீ பிள்ளைய எடு.”

அந்தக் காரில் நான் ஏற முடியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஏறவே வேண்டாம். இறங்கினால் போதும். அரிவாள்மனையில் உட்காருகிற மாதிரி முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். தரையில் உட்கார்ந்து எழுந்தே பழகின உடம்பு. அந்த உயரமான காரில் தொங்கினது இங்கே இல்லை. சீட்டை முன்னால் தள்ளினேன். கால் நீட்டினால் கிளட்ச்.

ஒரு தடவை நின்றுவிட்டது. அந்தக் கிளட்ச் மேலே வந்துதான் பிடிக்கிறது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டேன். பின்னால் எடுத்து ரோட்டோரம் விட்டுவிட்டு, வெள்ளைக் காரில் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தேன். யோகா ஓட்டினாள். திறந்திருந்த கிளினிக் பெலாங்கி ஏரியாவில் கிடைத்தது. கிருமிக் காய்ச்சலாம், மருந்து கொடுத்தார்கள். மத்தியானம் சூடு இறங்கி, பிள்ளை பிஸ்கட் கேட்டது.

சிவப்பை உள்ளே விடப் போனேன். நேராக விட்டிருக்கலாம். விடவில்லை. மழை விட்டிருந்தது, ரோட்டில் ஆள் இல்லை. திடலை ஒரு சுற்றுச் சுற்றினேன். அங்கே ரோட்டில் வேகத்தடை மேடு, பம்பு என்போம், ஒன்று உண்டு, அடிப்பாகம் இடிக்காமல் சாய்த்து ஏற்ற வேண்டும். ரூபன் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தரை அவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது. சத்தம் முதுகில் ஏறுகிறது. இதற்குத்தானா இந்தப் பையன் இத்தனை வருஷம் ஓவர்டைம் பார்த்தான்?

ரூபன் வந்ததும் பிள்ளையைப் பார்த்தான். பிறகு போர்ச்சுக்குப் போனான்.

“சீட்ட யாரு தள்ளினது?”

யோகா சொன்னாள். அவன் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கமாகக் குனிந்து பார்த்தான். நான் கதவோரம் நின்றேன்.

“கிளட்ச் மேல பிடிக்கும்,” என்றான்.

“ஆமா. ஒரு தடவ நின்னுச்சு. அப்புறம் நிக்கல.”

“அடி எங்கயும் இடிக்கலையே?”

“இல்லையே. பம்புல சாய்ச்சுத்தான் ஏத்தினேன்.”

குனிந்திருந்தவன் நிமிர்ந்தான்.

“நம்ம வீட்டுக்கு முன்னாடி ஏது ஆயா பம்பு?”

யோகா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் சாம்பாரைச் சுட வைக்கப் போனேன்.

5 ஜூன்

ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறான். கோபமா? கோபம் என்றால் திட்டிவிட்டுப் போகலாமே. சாவி டிவி மேசையில் இல்லை. எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

8 ஜூன், ஞாயிறு

காலையில் கூப்பிட்டான். சாவியை நீட்டினான். “ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்.”

பாசிர் கூடாங் ரோடு வரை போனோம். அவன் கால் அவன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. ரவுண்டபவுட்டில் ஒரு வேன்காரன் குறுக்கே புகுந்தான், நான் கியரை இறக்கி அவனுக்கு வழி விட்டேன். அதற்குப் பிறகுதான் ரூபன் சாய்ந்து உட்கார்ந்தான்.

இறங்கும்போது சொன்னான், “வாரம் அஞ்சு நாளு இது சும்மாதான் நிக்குது ஆயா. பேட்டரி கெட்டுப் போகுது. ஆனா கண்ணு டெஸ்ட் பண்ணணும். டாக்டர் வேணாம்னா வேணாம்தான். வம்பு பண்ணக் கூடாது.”

“பண்ண மாட்டேன்.”

11 ஜூன்

கண் டாக்டர். வலது கண்ணில் புரை ஆரம்பமாம், இப்போதைக்கு ஓட்டலாமாம், புதுக் கண்ணாடி போட வேண்டும், ஆறு மாதத்தில் மறுபடி வர வேண்டும். ராத்திரியில் ஓட்டக் கூடாது. சரி என்றேன். வம்பு பண்ணவில்லை.

14 ஜூன்

சிவப்புக் காரின் இன்சூரன்சில் என் பெயரையும் சேர்த்திருக்கிறான். பேச்சியம்மாள். முழுப் பெயரும் சரியாக அடித்திருக்கிறார்கள்.

17 ஜூன், செவ்வாய்

பாசார் போய் வந்தோம். அங்கம்மா உட்காரத் தெரியாமல் தலையை முதலில் விட்டாள். சொல்லிக் கொடுத்தேன். கீரையும் மீனும் பின்பக்கம் போய்விட்டன, வாழைப்பூ மட்டும் அவள் மடியில்.

“பள்ளத்துல உக்காந்த மாதிரி இருக்குடி,” என்றாள். “எல்லாவனும் எட்டிப் பாக்குறான்.”

“பாக்கட்டும்.”

“எழுந்திரிக்கிறது எப்படி?”

“அத வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்.”

சாயங்காலம் போனில் எங்கள் குடும்பக் குரூப்பைத் திறந்து பார்த்தேன். அந்தக் காரோடு ரூபன் மட்டும் நிற்கிற படம்தான் இன்னும் இருக்கிறது, வாங்கின அன்றைக்கு எடுத்தது. அவனுக்கு மெசேஜ் எழுதி அனுப்பினேன். ரூபன், அது பழைய படம்யா. ஞாயிற்றுக்கிழமை புதுசா ஒண்ணு எடுத்து எல்லாருக்கும் போடு. நான் டிரைவர் சீட்டுல இருக்கிற மாதிரி. கண்ணாடி போட்டிருக்கிறது தெரியணும். பெல்ட்டும் தெரியணும்.