வடக்கே தலை வைத்த படை

மெட்ராஸ்
ஆவணி, 1988

அன்புள்ள தங்கச்சி முத்துப்பேச்சிக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகந்தானே? பரளச்சியில் இன்னும் மழை இல்லை என்று எழுதியிருந்தாய்.

இந்த சினிமாவில் நான் சக்கரவர்த்தியின் காவல்படை வீரன். முந்நூறு வருஷம் அரண்மனை வாசலைக் காத்த படை, கடைசிப் போரில் ஒருவர் மிச்சமில்லாமல் அழிகிறது. நேற்று எங்களை வாசல் பக்கம் தலை வைத்துச் செத்துக் கிடக்கச் சொன்னார்கள். வாசல் இருந்தது வடக்கே. நம் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் கிழக்கே தலை வைத்துப் படுத்துவிட்டோம்.

"பொணத்துக்கு என்னய்யா திசை?" என்று டைரக்டர் கத்தினார்.

"உசுரோடல்ல இருக்கோம் சார்!" என்றான் நரிக்குடி சோணைமுத்து.

ஒரே சிரிப்பு. பிறகு வடக்கே திரும்பிப் படுத்தோம். அம்மாவிடம் சொல்லிவிடாதே.

படை அழிந்துவிட்டதால் எங்களுக்கு இனி வேலையில்லை. வேறு படம் கிடைக்கும்வரை இங்கேதான் கிடக்க வேண்டும், ஊரிலிருந்து வருகிறவர்கள் யாரிடமாவது என் தலையணையைக் கொடுத்துவிடு. நேற்று ஷூட்டிங் முடிந்தது என்று டைரக்டர் சொன்னதும் எல்லாரும் எழுந்து போனார்கள். நான் மட்டும் அப்படியே கிடந்தேன். எழுந்து எங்கே போவது, முத்துப்பேச்சி?

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது.

முத்துராஜ்