குமிழி வராத குழாய்

என் ஆசை மாமா,

நீங்கள் ஒலக்கூர்க் கிணற்றில் கடைசியாக இறங்கி ஒரு வருஷம் ஆகப் போகிறது. உலகச் சண்டை இன்னும் முடியவில்லை. ரப்பர் எங்கேயும் கிடைப்பதில்லை, சைக்கிள் டயருக்குள் வைக்கோலைத் திணித்து ஓட்டுகிறார்கள். நான் விழுப்புரம் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறேன். மாமனைக் கிணற்றில் விட்டுவிட்டு வந்தவன் என்று பெயராகிவிட்டது. கிணற்று வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்?

அக்காவைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். உங்கள் பெண்டாட்டி என்னை வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

புதுச்சேரியில் கப்பல் சாமான் விற்கிறவரிடம், தலையில் மாட்டித் தண்ணீருக்குள் இறங்குகிற அந்தப் பித்தளைத் தலைக்கூட்டையும், காற்றடிக்கும் கைப்பம்பையும், ரப்பர் குழாயையும் நீங்கள் வாங்கி வந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. எஞ்சின் வைத்த கிணறுகளில் தண்ணீர் இழுக்கும் குழாயின் அடி சேற்றில் அடைத்துக்கொண்டால் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் பம்பு சுற்ற, கயிறு என் கையில் இருக்கும். வேறு யார் பிடித்தாலும் இறங்க மாட்டீர்கள். “உங்கக்கா தாலிய நீ வுடுவியாடா?” என்று சிரிப்பீர்கள்.

இறங்கும் முன் குழாய் முழுக்க சோப்பு நுரை பூசிக் காற்றடித்துப் பார்ப்போம். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் குமிழி கிளம்பும். ஒருமுறை திண்டிவனத்துப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் பொறுக்க முடியாமல் கத்தினார்.

“இன்னாய்யா, கெணத்துல எறங்கச் சொன்னா கொழாய்க்கு சவரம் பண்ணிக்கினு இருக்கீங்க? ஜல்தி எறங்குங்க!”

“இன்னிக்கு இதுக்குக் கண்ணாலங்க. மாப்ள வழவழன்னு இருக்க வேணாமா?” என்றீர்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசி நாளிலும் பார்த்தோம். நீங்கள் ஒரு முனையிலிருந்து, நான் மறு முனையிலிருந்து. ஒரு குமிழிகூட வரவில்லை. நீங்கள் அடிக்குப் போன பிறகு, அழுத்தம் வேண்டுமென்று பம்பை வேகமாகச் சுற்றினார்கள். குழாய் தலைக்கூட்டுக்குப் பக்கத்தில் கிழிந்தது. கயிறு வெடுக்கென்று இழுபட்டதும் உங்களை மேலே இழுத்தோம். தலைக்கூட்டைத் திருகி எடுத்தபோது உங்கள் கண் திறந்தபடி இருந்தது.

கிழிந்த துண்டைப் புதுச்சேரிக்கு எடுத்துப் போனேன். விற்றவர் அதை நசுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

“யாருப்பா இதுக்கு மல்லாட்டை எண்ணெ தடவுனது? தோலு வாருக்குப் போடலாம். ரப்பரு எண்ணெ குடிச்சா ஊதி நைஞ்சிபூடும். மேல நொர வச்சிப் பாத்தா தெரியாது. அழுத்தம் ஏறுனாத்தான் பிச்சிக்கும்.”

ஆயுத பூசையன்று கடப்பாரை, அரிவாள், பம்பு எல்லாவற்றையும் துடைத்துக் கடலை எண்ணெய் போட்டாளே அக்கா, அப்போது குழாய்க்கும் தடவினாள். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மடியில் போட்டுக்கொண்டு, தலைக்குத் தடவுகிற மாதிரி விரல்விட்டுத் தடவினாள். “என் மூச்சு வர்ற வழிடி அது, நல்லாத் தடவு” என்று நீங்களும் சொன்னீர்கள். காய்ந்து கிடப்பது எதுவானாலும் எண்ணெய் போடுவதுதான் நம் வழக்கம். நம்மில் ரப்பரை யார் கண்டார்கள்?

எண்ணெய் விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. உங்களை எடுத்த அன்றே என் சட்டையைப் பிடித்து, “நொர வச்சிப் பாத்தியாடா?” என்றாள். பார்த்தேன் என்றேன். “அப்பறம் எப்பிடிடா கிழியும்?” வருஷம் பூராவும் இதே கேள்விதான். மிச்சக் குழாயை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை எண்ணெய் போடுவதையும் நிறுத்தவில்லை.

போன வெள்ளிக்கிழமை போயிருந்தேன். குழாயில் அவள் தடவிய இடம் விரல் பட்டதும் பிசுபிசுவென்று உரிந்து வந்திருக்கிறது. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடாமல் முகமெல்லாம் ஒட்டிப் போயிருந்தது.

“தம்பி, இதுக்கு எண்ணெ ஆவாதோ? என் கையாலதான் போனாரா?”

அவள் பின்கட்டுக் கிணற்றைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்துவிட்டேன்.

“எண்ணெ இன்னாக்கா பண்ணும்? அது பழைய கொழாய். நான்தான் அன்னிக்கு நொர வச்சிப் பாக்கல. ஜல்தி ஜல்தின்னு கத்திக்கினு இருந்தாங்க, வுட்டுட்டேன்.”

குழாயை என் மூஞ்சியில் எறிந்தாள். “பாவி, எந்தக் கையில கயித்தப் புடிச்ச? இனிமே இந்தப் படி மிதிக்காத!” என்றாள். தெருவில் நின்று வாசல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டிக்கொண்டே கேப்பைக்கூழ்ச் சட்டியை இழுத்து வைத்துக் குடித்தாள், மாமா.

இதனால் என்ன சரியாகிவிட்டது? நீங்கள் வரப் போவதில்லை. எனக்கென்று இருந்த ஒரு வீடும் போயிற்று. பம்பு சுற்றிய இருவரும் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள், திரும்பி வருவார்களோ என்னவோ. நுரை வைத்துப் பார்த்தேன் என்பதற்கு இப்போது உங்களைத் தவிர சாட்சி இல்லை. நீங்கள் இருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்களா, தோளில் தட்டியிருப்பீர்களா?

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. இதைப் படிக்கிற யாரும் அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

அவள் சாகிறவரைக்கும் நான்தான் பார்க்காமல் விட்டவன். வேறு மாதிரி என் வாயில் வராது மாமா.

உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
ஏழுமலை