காலிப் பெட்டியில் விழுந்தவர்

அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா, இருமல் நின்றதா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இப்போதும் கேட்டுவிட்டேன், பார். பழக்க தோஷம், கோபத்திலும் போகமாட்டேன் என்கிறது. விசாரிப்பு இத்தோடு முடிந்தது.

போனில் மூன்று தடவை கூப்பிட்டேன். உன் மகள்தான் எடுத்தாள். முதல் தடவை நீ தூங்குவதாகச் சொன்னாள், அடுத்த தடவை குளிப்பதாக, மூன்றாவது தடவை காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டதாக. உனக்கு வேண்டாதது மட்டும் கேட்காத காது அது என்று எனக்குத் தெரியாதா? கடிதம் என்றால் நீ படித்துத்தான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேராகி மூன்று வாரம் ஆகிறது. என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, இரண்டாவது மாடியிலிருந்து இறங்க வேண்டும் என்றால் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நல்ல காலை முதலில் வைப்பதா மற்றதை வைப்பதா என்று யோசித்து யோசித்து இறங்குகிறார். எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகம் வருகிறது. நல்லபடியாக அல்ல.

நீ மேடையில் பேசிய வீடியோ வந்து சேர்ந்தது. நீ அந்தக் காலத்தில் எடுத்த சினிமாப் படங்களைத் தேடிப் பிடித்து, துடைத்து, புதுசாகப் போட்டுக் காட்டுகிறார்கள், அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது மனசு நிறைந்துதான் போனது. ஒரே சோபாவை உறை மாற்றிக் கொள்ளைக்காரன் வீட்டிலும் இன்ஸ்பெக்டர் வீட்டிலும் போட்டு எடுத்த படங்கள். கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். துப்பாக்கி மரக்கட்டை. ஒரே கார்தான், துரத்துகிற காரும் அதுவே, ஓடுகிற காரும் அதுவே. அந்தப் படங்களை யாராவது இன்றைக்கும் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்றால் அது உன் கதைக்காக இல்லை அண்ணா. உன் கதைகளை நான்தான் கார்பன் வைத்து நகல் எடுத்தேன், எனக்குத் தெரியும். அதில் வந்து போன முகங்களுக்காகப் பார்க்கிறார்கள்.

இவர் முகத்துக்காகப் பார்க்கிறார்கள். கொலை செய்ய வந்த வீட்டு வாசலில் மிதியடியில் ஷூவை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே போவாரே, அதற்கு அந்தக் கூட்டம் எப்படிச் சிரித்தது என்று வீடியோவில் கேட்டேன். அதை நீ எழுதவில்லை. நீ எழுதியது "அடியாள் உள்ளே வருகிறான்" என்ற மூன்று சொல். யார் கழுத்தை நெரிக்கப் போகிறாரோ அவனுடைய டையை முதலில் சரிசெய்துவிட்டதும் இவர் யோசனைதான். முக்கால்வாசிப் படத்தில் மூன்றாவது ரீலிலேயே செத்துவிடுவார். அதனால் யூனிட்டில் எல்லோரும் அவரை "மூணாம் ரீல்" என்றே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனுஷன்.

நீயோ மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மிதியடியும் டையும் நீ சொல்லிக்கொடுத்தவை என்றாய். போகட்டும், உனக்கு எழுபத்தொன்பது வயது, மறந்திருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகுதான் இவர் உருண்டு விழுகிற அந்த மாடிப்படிக் காட்சியைப் பற்றி ஒரு பெண் கேட்டாள். எப்படி இவ்வளவு நிஜமாக விழுந்தார் என்று. நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நம்ம ஆளு அன்னைக்குக் கொஞ்சம் போட்டுட்டு வந்துட்டாரு, அதான் அவ்வளவு இயற்கையா இருக்கு" என்றாய். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நீயும் சிரித்தாய்.

உனக்கு நாக்கு கூசவில்லையா?

அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. படத்தில் அவர் குடித்ததெல்லாம் நான் கலக்கிக் கொடுத்த கலர் தண்ணீர். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் உண்டா என்று அப்பா கேட்டபோது, சோடா குடித்தாலே ஏப்பம் வந்து அவதிப்படுகிறவன் என்று சாட்சி சொன்னது நீ.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூன்றாவதாகத் தெரிந்த கேமராமேன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. வெறும் ஒத்திகை என்றால் நடிகர்கள் வாய்க்குள் முணுமுணுப்பார்கள், கேமரா ஓடுகிற சத்தம் கேட்டால்தான் உயிரைக் கொடுத்து நடிப்பார்கள் என்று நீ ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாய். கேமராவில் ஃபிலிம் இல்லாத காலிப் பெட்டியை மாட்டி ஓடவிடுவது. ஃபிலிமும் மிச்சம், நடிப்பும் சூடுபிடிக்கும். பிறகு "வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை" என்று சொல்லி நிஜப் பெட்டியை மாட்டுவது. உன் கைக்குட்டை தோளில் கிடந்தால் காலிப் பெட்டி, பையில் இருந்தால் ஃபிலிம் பெட்டி. உனக்கும் கேமராமேனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. உன் சட்டையைத் தோய்த்துப் போடுகிற தங்கை என்பதால் எனக்கும் தெரிந்தது.

ஆனால் அடிதடி, விழுதல், எரிதல் இவற்றுக்குக் காலிப் பெட்டி கிடையாது என்று நீயே சட்டம் போட்டிருந்தாய். அந்த ஒரு நேர்மையாவது உனக்கு இருந்தது. அன்றைக்குப் புழுக்கம் தாங்காமல் நீ கழுத்தைத் துடைத்துக் கைக்குட்டையை ஞாபகமில்லாமல் தோளில் போட்டுக்கொண்டாய். கேமராமேன் பார்த்தார். காலிப் பெட்டியை மாட்டினார். உன்னிடம் எதிர்க்கேள்வி கேட்கிற தைரியம் அந்த யூனிட்டில் யாருக்கு இருந்தது?

பதினாறு படி. இவர் மேலேயிருந்து விழுந்தார். நீ "கட்" சொன்னாய். கேமராமேன் உன் காதில் ஏதோ சொன்னார். அப்புறம் சொன்னாய்: "மூட்டை உருண்ட மாதிரி இருக்கு மாப்ளே, விழத் தெரியலையே உங்களுக்கு. இன்னொரு தடவை."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் காலிப் பெட்டி விஷயம் வெளியே வரும், ஹீரோ காதுக்குப் போகும், இத்தனை நாள் எங்களை ஏமாற்றினாயா என்று ஆளாளுக்குச் சண்டைக்கு வருவார்கள். அதனால் பழியை இவர் தலையில் போட்டாய். முதல் தடவை விழுந்ததில் கீழே விரித்திருந்த மெத்தை நகர்ந்திருந்தது. வெளிச்சம் போய்விடும் என்று நீ போட்ட கத்தலில் அதை யாரும் சரியாக இழுத்துப் போடவில்லை. இரண்டாவது தடவை இடுப்பு எலும்பு உடைந்தது. அந்தப் பிள்ளைகள் கைதட்டுகிறார்களே, விழும்போது இவர் போட்ட அந்தக் கத்தல் நடிப்பு இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கேமராமேன் என்னிடம் சொல்லி அழுதார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, இவருக்குத் தெரிந்தால் நம் குடும்பம் இரண்டாகிவிடும், வாயைத் திறக்காதே என்று கெஞ்சினாய். அப்போது மகள் எனக்கு வயிற்றில் நாலு மாதம். உடைந்த புருஷன் ஒரு பக்கம், கெஞ்சுகிற அண்ணன் ஒரு பக்கம். நான் வாயை மூடிக்கொண்டேன். என் மேலும் எனக்குக் கோபம்தான், உன்மேல் மட்டும் என்று நினைக்காதே.

அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் கண்ணாடிக்கு ஆணி முடுக்கிக்கொண்டிருந்தார். உன்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. உன் படம் எதைப் பற்றியாவது யாராவது பேசினால், எங்க மச்சான் எடுத்தது என்று பெருமையாகச் சொல்வார். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

வீடியோவை முதலில் பார்த்தது மகள். ஆபீஸில் யாரோ காட்டியிருக்கிறார்கள். நேராக இங்கே வந்து, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், "அப்பா குடிச்சிட்டுதான் விழுந்தாராம்மா? என்கிட்ட ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டாள். நாற்பது வயதுப் பெண் அண்ணா. அவள் கண்ணில் நான் பார்த்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் அதே படத்தை வேறு ஊரில் காட்டுகிறார்களாம், நீ மறுபடியும் பேசப் போகிறாயாம். அங்கே சொல். அவர் குடிக்கவில்லை, தவறு என்னுடையது என்று அதே மைக்கைப் பிடித்துச் சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். எனக்கும் வாய் இருக்கிறது. உனக்காகத்தான் இத்தனை வருஷம் அதைக் கட்டி வைத்திருந்தேன்.

உன் தங்கை


அண்ணாவுக்கு,

மேலே உள்ளதை எழுதி ஒட்டி வைத்து நாலு நாள் ஆகிறது. லிஃப்ட் இல்லாததால் தபால் பெட்டிக்கு இறங்கச் சோம்பல்பட்டேன். இப்போது உறையைப் பிரித்து இதையும் சேர்த்து வைக்கிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் அந்த வீடியோவை இவரிடமே காட்டிவிட்டாள். நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று வந்திருந்தாள், தடுக்க முடியவில்லை. இரண்டு தடவை பார்த்தார். மகளிடம், நான் குடிச்சதில்லைம்மா, கூட்டத்தைச் சிரிக்க வைக்க மாமா ஏதோ சொல்லியிருக்கான், விடு என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேனோ என்னவோ. டம்ளரைக் கழுவப் போனவர் குழாயை மூடிவிட்டு, யாரிடமோ சொல்வதுபோல, "முதல் தடவையே நான் ஒழுங்கா விழுந்திருந்தா இதெல்லாம் இல்ல. எனக்குத்தான் விழத் தெரியல" என்றார்.

நாற்பத்தோரு வருஷமாக இதை மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் அண்ணா. கால் போனதை அல்ல. விழத் தெரியவில்லை என்று நீ சொன்னதை.

எனக்குப் பொறுக்கவில்லை. கைக்குட்டை, காலிப் பெட்டி, வராந்தா, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மகள் அழுதாள். இவர் அழவில்லை. என்னைப் பார்த்து, "இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லல இல்ல நீ" என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் அப்படி ஒரு கோபத்தை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அன்று முழுக்க நான் போட்டுக்கொடுத்த காபி ஆறிக் கிடந்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று கேட்டார். உன்னைத் திட்டுவார், கோர்ட்டு கச்சேரி என்பார், இனி உன் அண்ணன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்பார் என்று நான் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு. "அப்போ முதல் தடவை நான் நல்லாத்தான் விழுந்தேனா?"

என்ன சொல்வேன்? அன்றைக்கு வர வேண்டிய பெண் வராததால் என்னைத்தானே படிக்குக் கீழே பிணமாகப் படுக்க வைத்தாய். வயிறு தெரியாமல் இருக்கச் சால்வையைப் போர்த்திவிட்டாய். நீ கண்ணைத் திறக்காதே என்றாய், நான் திறக்கவில்லை. தலைமாட்டில் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். நன்றாக விழுந்தீர்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் நடித்தால் அந்த மனுஷனுக்குத் தெரிந்துவிடும். பார்க்கவில்லை என்றேன். யாரெல்லாம் பார்த்தார்கள் என்று விரல் விட்டு எண்ணினார். ஹீரோ மத்தியானமே கிளம்பிவிட்டான். லைட்காரர் சுவருக்குப் பின்னால். கேமராமேன் உயிரோடு இல்லை. கடைசியில் ஒரு விரல் மிஞ்சியது. "மச்சான் பார்த்திருப்பான்" என்றார்.

இப்போது அந்த மேடையும் மைக்கும் எனக்கு வேண்டாம். ஊருக்கு நீ சொல்வதும் சொல்லாததும் உன் மனசாட்சி பாடு. என் கோபமும் குறையவில்லை, குறைந்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாகச் சாப்பிடாதே. ஆனால் இவருக்கு ஒரு கடிதம் எழுது. மன்னிப்பு ஒரு வரி போதும். மிச்சத்தில் அந்த முதல் விழுதலை எழுது. எந்தப் படியில் கால் நழுவியது, கை எதைத் தேடியது, தலை எந்தப் பக்கம் சாய்ந்தது, கடைசிப் படியில் எப்படிக் கிடந்தார், எல்லாம் எழுது. மூட்டை உருண்ட மாதிரிதான் இருந்தது என்றால் அதையும் எழுதிவிடு. அவருக்காகப் புளுகாதே. உன் எழுத்தில் பொய் இருந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஃபிலிம் இல்லாமல் அவர் விழுந்ததைப் பார்த்தவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான் அண்ணா. தபால்காரர் இப்போதெல்லாம் இரண்டு மாடி ஏறி வருவதில்லை, கீழேயே போட்டுவிட்டுப் போகிறார். உனக்கு எழுதுகிறேன் என்று சொன்னதிலிருந்து இவர் தினமும் காலையில் இறங்கிப் போய்ப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் போகிறேன் என்றாலும் கேட்பதில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும். வேறு எது தேய்ந்தாலும் உன் ஞாபகம் மட்டும் தேயாமல் இருக்க வேண்டும். சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
உன்னை இன்னும் அண்ணா என்றே கூப்பிடுகிற
உன் தங்கை