இடது கண்ணும் தலைப்பிரசவமும்

அன்பு மகள் பவித்ராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டியும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் தலையிலிருந்து கால் வரைக்கும் நலம், இடது கண் ஒன்றைத் தவிர. அதற்குள் போனை எடுக்காதே, முழுசாகப் படித்துவிட்டு எடு. போனில் சொன்னால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது கேட்பாய், அப்புறம் அழுவாய், உன்னைப் பார்த்து நான் அழுவேன், விஷயம் அப்படியே நின்றுபோகும். எழுத்து என்றால் நடுவில் பேச முடியாது பார், அதற்குத்தான் அஞ்சாம் கிளாஸோடு கீழே வைத்த பேனாவை எடுத்திருக்கிறேன். வீடியோவில் வந்தாலும் என் உச்சந்தலையும் நரைமுடியும்தான் உனக்குத் தெரியும், ஏனென்றால் உன் அம்மா இப்போது குப்புறப் படுத்திருக்கிறாள். இதை எழுதி முடித்ததும் அடுத்த வீட்டுப் பாஞ்சாலை போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். தபாலில் போட்டால் உன் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயசில்தான் வந்து சேரும்.

ஆடி மாசத்திலிருந்தே தறியில் சேலைக் கரை ஓர் இடத்தில் பாம்பு மாதிரி வளைந்து தெரிந்தது. கரை நேராக ஓடுகிறதா என்று வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்ப்பது என் பழக்கம் இல்லையா, அப்படிப் பார்க்கும்போதெல்லாம் கோணல். உங்கப்பா இருந்தவரை அந்தப் பக்கம் அவர் இந்தப் பக்கம் நான் என்று நெய்த தறி, இப்போது ஒண்டி ஆளாக நெய்வதால் கை இழுப்பு சரியில்லை போல என்று நினைத்தேன். அப்புறம் பழியைத் தூக்கி நமக்குத் தறிக்குப் பாவு நூல் பிணைத்துத் தருகிற தருமன் தலையில் போட்டேன். பாஞ்சாலை புருஷன்தான், பாவம், வாய் பேசாமல் வந்து பாவைத் தளர்த்தி மறுபடி இழுத்துக் கட்டினான். மறுநாளும் கோணல் என்றேன், மறுபடியும் வந்தான். மூன்றாம் தடவை ஒரு வெள்ளை நூலைக் கரை ஓரமாக விறைப்பாகப் பிடித்து, யக்கா இந்த நூலு நேரா கீதான்னு சொல்லு என்றான். ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு இல்லைடா உன் நூலும் கோணல்தான் என்றேன். அப்போ ஆரணியில கீற நூலெல்லாம் கோணலு, நீ ஒருத்திதான் நேரு, என்னா பேஜாரு யக்கா இது என்று நூலை என் கையிலேயே போட்டுவிட்டுப் போனான். நானும் விடாமல் அவன் போன பிறகு பாஞ்சாலையைக் கூப்பிட்டு, உன் புருஷனுக்கு வேலையில் கவனம் இல்லை, குடிக்க ஆரம்பித்துவிட்டானா பார் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரி அவனுக்கு வீட்டில் சோறு கிடைத்திருக்காது.

அதற்குப் பிறகு வலது கண்ணில் மெட்ராஸ் ஐ வந்தது, அது மட்டும் உனக்குப் போனில் சொன்னேன். கண் திறக்கவே முடியாமல் ஒட்டிக்கொண்டது. காலையில் உங்கப்பா படத்துக்குப் பூ வைக்கப் போனேன், மாலை இருக்கிறது, சட்டை இருக்கிறது, காது ரெண்டும் இருக்கிறது, முகத்தைக் காணோம். மூக்கு இருக்கிற இடத்தில் புகை மாதிரி ஒரு வட்டம். மனுஷன் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றே நினைத்தேன். என்ன குறை வைத்தோம் என்று யோசித்தேன், அமாவாசைப் படையலில் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கவில்லை, சாம்பாரோடு முடித்துவிட்டேன். இருக்கும்போதே சாம்பாரைப் பார்த்தால் தட்டைத் தள்ளுகிறவர் அல்லவா. உடனே ஒற்றைக் கண்ணோடு சந்தைக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து குழம்பு வைத்து, இலை போட்டு, கற்பூரம் காட்டி, கோபம் ஆறிடுச்சா என்று கேட்டேன். முகம் வரவில்லை, பூனைதான் வந்தது. ரெண்டு நாள் கழித்து வலது கண் திறந்ததும் பார்த்தால் அவர் பாட்டுக்கு எப்போதும் போல மீசையோடு சிரிக்கிறார். வலது கண்ணை மூடினால் காணோம், திறந்தால் இருக்கிறார். கொஞ்ச நேரம் உங்கப்பாவோடு கண்ணாமூச்சி ஆடிவிட்டு அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, கோபம் அவருக்கு இல்லை, கோளாறு எனக்கு. தருமனுக்கு ஒரு செம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். மோரைக் குடித்துவிட்டு, நான் குடிக்கிறது இதுதான்னு எங்க வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிடு யக்கா என்றான்.

பாஞ்சாலையோடு வேலூர் பஸ் ஏறிக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து விட்டு, மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி படம் எடுத்தார்கள். டாக்டர் உன் வயசுப் பெண். கண்ணுக்குப் பின்னால் திரை மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதில் முகம் பார்க்கிற நட்டநடு இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறதாம். வயசானால் சில பேருக்கு வருமாம், நெய்ததாலோ அழுததாலோ வருவதில்லையாம். அழுததால் இல்லைதானே என்று ரெண்டு தடவை கேட்டுக்கொண்டேன், நீயும் அப்படி எதையாவது நினைத்துக்கொள்ளக் கூடாது. இழை விட்டுத் தைப்பீங்களாம்மா என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, இதுக்கு நூலெல்லாம் கெடையாதும்மா, உள்ளே ஆபரேஷன் பண்ணி காத்து மாதிரி ஒரு கேஸ் வச்சிடுவோம், அது மேலே ஏறி ஓட்டையை அமுக்கிப் பிடிச்சுக்கும், நீங்க ஒரு வாரம் குனிஞ்ச தலை நிமிராம இருக்கணும் என்றாள். கல்யாணத்தில் கூட நான் அப்படி இருந்ததில்லை என்றேன். எல்லாம் சிரிப்பாகத்தான் போனது, கடைசியில்தான் ஒரு இடி இறக்கினாள். கேஸ் கரைகிற வரைக்கும், அதாவது ரெண்டு மாசம் வரைக்கும் கூட, விமானம் ஏறக் கூடாதாம், ஏறினால் கண்ணுக்குள் அது உப்பிக் கண்ணே போய்விடுமாம்.

நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியும் கண்ணு. கார்த்திகையில் உனக்கு நாள், தலைப்பிரசவம், அது அம்மா வீட்டுப் பொறுப்பு, பெட்டி கூடக் கட்டிவைத்துவிட்டேன். முதலில் உன்னிடம் வந்துவிட்டுத் திரும்பி வந்து பண்ணிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கெஞ்சினேன். நாளாக ஆக ஓட்டை பெரிசாகும், அப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் சரியாக மூடாமல் போகலாம், உங்க இஷ்டம் என்றாள். வராமல் போனால் ஊர் என்ன சொல்லும் என்பதைக் கூட விடு, நீ வலியில் அம்மா என்று கூப்பிடும்போது நான் இங்கே சேவூரில் படுத்திருப்பேனே என்றுதான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன், உங்கப்பா முகம் எட்டு மாசத்துக்கு முன்னால் போய்விட்டது, இனிமேல் எந்த டாக்டரும் அதைத் திருப்பித் தர முடியாது. உன் பிள்ளை முகத்தையும் புகையாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. போன திங்கட்கிழமை ஆபரேஷன் பண்ணிக்கொண்டேன். உன்னைக் கேட்காமல் பண்ணினேன் என்று கோபப்படு, பரவாயில்லை, ஆனால் மெதுவாகக் கோபப்படு, வயிற்றில் பிள்ளை இருக்கிறது.

இப்போது ராஜ வாழ்க்கை. பட்டை பின்னிய கட்டிலில் தலைமாட்டில் நாலு பட்டையைத் தருமன் பிரித்து என் முகம் நுழைகிற அளவு சந்து விட்டிருக்கிறான். கண்ணில் ஓட்டை அடைக்கக் கட்டிலில் ஓட்டை போட்டோம். கீழே மணை மேல் தாளை வைத்துக் கையைத் தொங்கவிட்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் கை மேல் பழி போடு. பார்க்க வருகிறவர்களை எல்லாம் காலை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்கிறேன், சேவூரில் பாதிப் பேர் குதிகால் தேய்ப்பதில்லை.

முந்தாநாள் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வந்து நின்றது, பார்த்தால் உன் மாமியார், வந்தவாசியிலிருந்து. அவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் வடை ஊசிப்போனது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிற கற்பகம்மா அல்லவா. நான் தரையைப் பார்த்துக்கொண்டே, தையில் பவித்ராவிடம் போகிறதாக இருந்தீர்களே, அதற்குப் பதில் இப்போதே போக முடியுமா என்று கேட்டேன். அப்புறம் பார்த்தால் அந்த அம்மா பட்டுப்புடவையோடு தரையில் மல்லாந்து படுத்து நகர்ந்து நகர்ந்து என் முகத்துக்கு நேரே கீழே வந்துவிட்டார்கள். உங்க மூஞ்சியப் பாத்துப் பேசணும் சம்பந்தி, அதான் என்றார்கள். டிக்கெட்டை மாத்தச் சொல்லி உங்க மாப்பிள்ளைகிட்ட வரும்போதே சொல்லிட்டேன், பவித்ராகிட்ட மட்டும் நீங்க சொல்லிக்குங்க என்றார்கள். நான் உங்கப்பாவின் பழைய வேட்டிகளைக் குட்டிக்குத் துணி போடக் கிழித்து மடித்து வைத்திருந்தேன், போனவர் துணியைப் பிறக்கிற பிள்ளைக்குப் போடலாமா என்று இங்கே ஒரு பேச்சு இருந்தது. அதையும் கேட்டேன். தாத்தா துணிய வுட்டு வேற யாரு துணியப் போடறது என்று சொல்லி அப்போதே பையில் வைத்துக்கொண்டார்கள். பவித்ரா, இனிமேல் அந்த வடைப் பேச்சு வந்தால் வடை ஊசித்தான் போனது என்று ஒத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

மாசியில் உங்கப்பாவுக்கு வருஷத் திதி கொடுத்துவிட்டு பங்குனியில் நான் வந்துவிடுவேன். அதுவரைக்கும் நான் இல்லையே என்று ஏங்காதே. நீ பிறந்த புதுசில் உன் எதிரில் நான் எவ்வளவு முகம் காட்டினாலும் நீ விட்டத்தைத்தான் பார்ப்பாய், பிறந்த பிள்ளைக்கு ஆள் முகம் மங்கலாகத்தான் தெரியுமாம், டாக்டர் பெண்ணும் சொன்னாள். அதுக்கும் மங்கல், எனக்கும் மங்கல், இப்போது பார்த்து என்ன பண்ணப் போகிறோம். ரெண்டு பேருக்கும் கண் தெளியட்டும், அப்புறம் எதிரெதிரே உட்கார்ந்து நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம்.

சுகமாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையும் குட்டியுமாக நூறு வருஷம் நன்றாக இரு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, பிரசவ லேகியத்தை முகம் சுளிக்காமல் சாப்பிடு, உன் மாமியாரை எதிர்த்துப் பேசாதே, தரையில் படுத்து எழுந்ததில் அவர்களுக்கு இடுப்புப் பிடித்திருக்கிறது.

இப்படிக்கு
உன் அம்மா சாவித்திரி
சேவூர், ஆரணி